ஆவுளியா (கடற்பசு) வலையில் விழுந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுக்கலாமா?

வல்லத்துக்காரன் (சேதுபாவாசத்திரம் பக்கம்), ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். நான் ஃபைபர் வல்லம் வைத்துத் தொழில் செய்கிறவன். தம்பியும் நானும் இரண்டே பேர்தான் போவோம். நண்டு வலை, முரல் வலை, பருவம் வந்தால் திருக்கை வலை. 2018 கஜா புயலில் அப்பாவின் பழைய வல்லம் பிளந்துபோனது. இப்போது ஓட்டுவது கடனில் வாங்கியது. ஒரு வாரம் தொழிலுக்குப் போகாவிட்டால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தை மாதம் ஒருநாள் விடியுமுன் திருக்கை வலையை வாங்கிக்கொண்டிருந்தோம். மனோரா கோபுரம் கருப்பாகத் தெரிகிற தூரம், இரண்டு பாகம் (ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்) தண்ணீர். பாதி வலை வந்ததும் கனத்தது. பெரிய திருக்கை என்று தம்பிக்கு ஒரே சந்தோஷம். மேலே வந்து பார்த்தால் ஆவுளியா. வாலில் நாலைந்து சுற்று வலை, மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே, புஸ் புஸ் என்று மூச்சு. அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். முன்னிரவிலேயே விழுந்திருந்தால் மூச்சு முட்டிச் செத்திருக்கும். எட்டு ஒன்பதடி இருக்கும். தம்பி தண்ணீரில் குதித்துத் தலைப்பக்கம் தாங்கிக்கொண்டான், நான் கத்தியால் வலையை அறுத்தேன். ஏழெட்டுப் பாகம் வலை வீண். போகும்போது வாலால் ஒரு அடி வைத்துவிட்டுப் போனது, தம்பிக்கு முழங்கை இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது.

கரைக்கு வந்து சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னோம். படம் எடுத்தார்கள், சால்வை போட்டார்கள். வலைக்கான பணத்துக்கு எழுதிக் கொடுத்த தாள் எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியவில்லை. சரி, அதை விடுங்கள், கேள்வி வேறு.

போன வாரம் ஒரு பொண்ணும் ஒரு பையனும் வந்தார்கள். ஆராய்ச்சி மாணவர்களாம். நல்ல பிள்ளைகள்தான், வெயிலில் வலைக்கொட்டகையிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். வலைக் கண் எவ்வளவு, எத்தனை மணிக்கு விட்டீர்கள், தண்ணீர் தெளிவா கலங்கலா, முதுகில் கீறல் இருந்ததா, கூடக் குட்டி இருந்ததா, கடைசியாக அதற்கு முன் எந்த வருடம் பார்த்தீர்கள் என்று இரண்டு பக்கக் கேள்வி. எல்லாவற்றுக்கும் சொன்னேன். கடைசியில் ஒரு வரைபடத்தை விரித்து, விழுந்த இடத்தையும் வழக்கமாக நீங்கள் வலை விடும் இடங்களையும் குறித்துக் கொடுங்கள் என்றார்கள். கை நின்றுவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அந்த இடம் தாழை, அதாவது கடற்புல், அடர்ந்த இடம். முரல், ஓரா, நண்டு எல்லாம் அங்கேதான். அப்பா எனக்குக் காட்டியது. பக்கத்து வல்லத்துக்காரன் கேட்டாலே வேறு பக்கம் கை காட்டுவேன். அதைக் காகிதத்தில் குறித்தால் யார் கைக்குப் போகும்? நாளைக்கு இங்கே வலை விடாதே என்று மிதவை கட்டிவிடுவார்களா? ட்ரோன் விட்டு எண்ணுகிறார்கள் என்று பேப்பரில் வருகிறதே, அப்புறம் என் வாயைக் கிளறுவது எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புதன்கிழமை மறுபடி வருகிறோம் என்றிருக்கிறார்கள்.

உப்பங்காற்று, ஞாயிறு இரவு

சொல்லாதீர்கள், அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவில் 1986இல் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பாட்டி காலத்திலிருந்து அந்தத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுத்தவர்கள். இன்றைக்கும் பயந்து பயந்துதான் போகிறார்கள். முதலில் ஆராய்ச்சி வரும், பின்னால் பலகை வரும்.

சாதாழை, திங்கள் காலை

அண்ணே, உங்களிடம் வந்த இருவரில் நான் ஒருத்தி இல்லை. ஆனால் அதே வேலையைக் கொஞ்சம் தெற்கே மூன்று வருடம் செய்தவள். அதனால் நான் நடுநிலையானவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பயம் நியாயமானது. அதற்கு வருகிறேன்.

முதலில் ட்ரோன். மேலே பறந்து படம் எடுத்தால் எண்ணிக்கை வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆவுளியா மூச்சு விடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வரும், அப்புறம் கீழே போய்விடும். அது கீழே இருக்கும் நேரத்தில் ட்ரோன் கடந்தால் அது கணக்கில் இல்லை. தண்ணீர் கலங்கியிருந்தால் ஒரு முழத்துக்குக் கீழே இருப்பதுகூடத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் விமானத்திலிருந்து எண்ணுகிறவர்கள் இதற்காகவே ஆவுளியா வடிவில் ஒரு பொம்மையைக் கடலில் இறக்கி, எந்த ஆழம் வரை மேலேயிருந்து தெரிகிறது என்று அளந்து பார்த்தார்கள். நாங்களும் ப்ளைவுட்டில் ஒன்று வெட்டிச் சாம்பல் நிறம் அடித்து இறக்கினோம். கயிறு அவிழ்ந்து அது மிதந்து போய், மறுநாள் ஒரு கரைவலையில் விழுந்து, ஊரே கூடிச் சிரித்தது. விஷயம் என்னவென்றால், ட்ரோனில் மூன்று தெரிந்தால் இருப்பது மூன்று இல்லை. எத்தனை மடங்கு என்பதைத்தான் தண்ணீரின் தெளிவு, ஆழம், நேரம் எல்லாம் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கை எந்த இடத்தில் போடுவது? விரிகுடா முழுக்கப் பறக்க பேட்டரிக்குச் சக்தி இல்லை. எங்கே பறக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான்.

உங்களிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருக்கிறது. முதுகில் கீறல் கேட்டது, ஒரே ஆவுளியாவைத் திரும்பப் பார்த்தால் அடையாளம் தெரிய. ஆண் தன் தந்தத்தால் கீறுவதும் உண்டு, படகின் சுழல்விசிறி வெட்டுவதும் உண்டு, இரண்டும் வேறு வேறு மாதிரி இருக்கும். குட்டி கேட்டதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி. இந்தப் பிராணி 70 வயது வரைகூட வாழும், செத்ததன் தந்தத்தை அறுத்து உள்ளே இருக்கும் வளையங்களை எண்ணி வயதைக் கண்டுபிடிப்பார்கள். ஆனால் முதல் குட்டி போடவே ஆறு வயது முதல் பதினேழு வயது வரை ஆகும். சினை ஒரு வருடத்துக்கு மேல். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் மூன்று முதல் ஏழு வருடம். எல்லாமே நல்லபடி நடந்தாலும் ஒரு கூட்டம் வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் பெருகாது.

இதைக் காசுக் கணக்காகப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு 200 இருக்கிறது என்று வைப்போம். வருடத்துக்கு அதிகபட்சம் 10 கூடும். வலையிலும் படகிலும் அடிபட்டு அந்த வருடம் 10 செத்தால் வட்டி முழுக்கப் போய்விட்டது. 12 செத்தால் முதலிலேயே கை வைக்கிறோம். மத்தி, கவலை மீன்கள் இப்படி இல்லை, ஒரு நல்ல பருவம் வந்தால் லட்சக்கணக்கில் முட்டை போட்டுத் தேறிவிடும். ஆவுளியாவுக்குப் பெரிய பெண் ஒன்று போவது என்றால் பத்துப் பதினைந்து வருடத்துக் குட்டிகள் போவது. எட்டு ஒன்பதடி என்றீர்கள், அது வளர்ந்தது. நீங்கள் அறுத்த வலைக்கு யாராவது சீக்கிரம் பணம் தர வேண்டும் என்று இதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

வாயைக் கிளறுவது எதற்கு என்று கேட்டீர்கள். சீனாவின் தெற்குக் கரையில் இப்படித்தான் செய்தார்கள். 66 மீனவ ஊர்களில் 788 பேரிடம், நீங்கள் ஆவுளியாவைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேட்டார்கள். பார்த்தேன் என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. அவர்களும் சராசரியாக 23 வருடத்துக்கு முன்னால் பார்த்ததாகச் சொன்னார்கள். கடைசி ஐந்து வருடத்தில் பார்த்தவர் மூன்றே பேர். அதை வைத்துத்தான் 2022இல், சீனக் கடலில் இது அற்றுப்போனதற்குச் சமம் என்று எழுதினார்கள். எந்த ட்ரோனும் இல்லை, மீனவர் நினைவுதான் ஆதாரம். என்ன, அங்கே கேட்கும்போது காலம் கடந்துவிட்டது. நீங்கள் "போன தை" என்று சொல்ல முடிகிறதே, அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு இரவு தூங்கியிருக்க மாட்டார்கள்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். உப்பங்காற்று சொன்னது நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் தேசியப் பூங்கா வேறு, நம் பக்கம் அறிவித்தது வேறு. 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்று தமிழக அரசு அறிவித்தது. புதிதாகத் தடை எதுவும் போடவில்லை என்று அப்போதே சொன்னார்கள். சட்டப்படி இந்த வகைப் பாதுகாப்பகத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு உண்டு, அதில் அந்தந்த ஊராட்சியின் பிரதிநிதி உட்கார வேண்டும். உங்கள் ஊராட்சியில் அது யார் என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் கேட்டது நல்லதாயிற்று.

பத்து வருடம் கழித்து வருகிற அதிகாரி என்ன செய்வார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். தகவல் இல்லாத இடத்தில் கோடு போடுகிறவர் ஸ்கேல் வைத்துத்தான் போடுவார், பெரிய பெட்டியாக. திருக்கை வலையில், இரவில், இரண்டு பாகத்துக்குள், இந்த இரண்டு மாதத்தில்தான் அதிகம் விழுகிறது என்று தெரிந்தால், நண்டு வலைக்காரனை யாரும் தொட வேண்டியதில்லை.

புதன்கிழமை வந்தால் இப்படிச் செய்யுங்கள். புள்ளி வைக்காதீர்கள், ஒரு கிலோமீட்டர்க் கட்டமாகக் குறிக்கிறேன் என்று சொல்லுங்கள், அவர்கள் வேலைக்கு அது போதும். தாளில் உங்கள் பெயருக்குப் பதில் ஒரு எண் போடச் சொல்லுங்கள். வலை விடும் எல்லா இடமும் கேட்டால், விழுந்த இடத்தை மட்டும் தருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. முடிவு வந்ததும் ஊரில் வந்து காட்டுவோம் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

பழைய தண்டல், திங்கள் மதியம்

தம்பி, எனக்கு வயது 67. கட்டுமாவடிப் பக்கம். பேரன் தட்டித் தருகிறான், நான் சொல்லச் சொல்ல.

நான் ஆவுளியா கறி தின்றவன். ஒளிக்க என்ன இருக்கிறது. சின்ன வயதில் கரைவலையில் விழும், கூறு போட்டு விற்பார்கள். பன்றிக்கறி மாதிரியும் இருக்கும், மாட்டுக்கறி மாதிரியும் இருக்கும். எண்ணெயை எடுத்து மூட்டு வலிக்குத் தடவுவார்கள். கரையில் போட்டால் கண்ணில் தண்ணீர் வழியும். எங்கள் ஆத்தா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை, நாங்கள் சாப்பிட்டோம். இப்போது பிடித்தால் ஏழு வருடம் வரை உள்ளே போக வேண்டியதுதான், புலிக்கு உள்ள அதே சட்டம்.

சாதாழைப் பொண்ணு சொன்ன கணக்கு சரி. ஆனால் வலையை மட்டும் சொன்னால் பாதிக் கணக்கு. எங்கள் காலத்தில் அது மேய்ந்த தடம் தெரியும், ஏர் ஓட்டினது மாதிரி வெள்ளை வெள்ளையாக, தாழை நடுவே. அதைப் பார்த்து இந்தப் பக்கம் வலை விடாதே, கிழித்துவிடும் என்று அப்பா சொல்வார். உயரமான தாழையை அது அதிகம் தொடாது, கீழே வட்ட இலையாகச் சின்னதாகப் படர்ந்திருக்குமே, அதை வேரோடு பிடுங்கித் தின்னும். மறு மாதம் அந்தத் தடத்தில் இளசாக முளைத்திருக்கும், அங்கே ஓரா கூடும். இப்போது அந்தத் தடம் தெரிகிற இடம் எத்தனை? விசைப்படகு 5 கடல் மைலுக்கு உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். ராத்திரி எங்கே வருகிறது என்று எங்களைக் கேட்டால் சொல்வோம். தள்ளுவலையும் அப்படித்தான், சேற்றோடு வாரிக்கொண்டு போகிறது. தாழை போனால் ஆவுளியா எதைத் தின்னும், நீ எதைப் பிடிப்பாய்?

இன்னொன்று. ஆராய்ச்சிக்காரர்கள் எங்களிடம் வந்து எழுதிக்கொண்டு போவது புதிதில்லை. திரும்பி வந்து, ஐயா நீங்கள் சொன்னதில் இது சரி, இது தப்பு என்று சொன்னவர் என் அறுபது வருடத்தில் ஒரே ஆள். அவருக்கு மட்டும் நான் கடைசிவரை உண்மை சொன்னேன்.

சாதாழை, திங்கள் இரவு

ஐயா, மற்றவர்களுக்கு? முதல் வருடம் ஒரு பெரியவர் காட்டிய இடத்தில் நான் முங்கிப் பார்த்தேன், தாழையும் இல்லை, ஒன்றும் இல்லை, இடுப்பளவு சேறு. ஒரு வாரம் கழித்து, நீ திரும்பி வருகிறாயா என்று பார்க்கத்தான் சொன்னேன் என்றார். உங்கள் ஊராக இருக்குமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

தாழை பற்றி நீங்கள் சொன்னது உண்மை. 1992இல் ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடாவில் இரண்டு வெள்ளமும் ஒரு புயலும் அடுத்தடுத்து வந்து ஆயிரம் சதுர கிலோமீட்டர் கடற்புல் அழிந்தது. வலை எதுவும் கூடவில்லை, ஆனால் ஆவுளியாக்கள் பட்டினியில் செத்தன, மிச்சம் இடம்பெயர்ந்தன. வெள்ளத்துக்கு முன்பே எண்ணி வைத்திருந்ததால்தான் எவ்வளவு போனது என்று சொல்ல முடிந்தது. கஜாவுக்கு முன்னால் நம் தாழை எவ்வளவு இருந்தது என்று ஊர் ஊராக யாராவது அளந்து வைத்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. தாழைக்கு வெளிச்சம் வேண்டும். விசைப்படகு இழுவைமடி இழுத்துக் கலங்கினால், வேர் அறுபடாத இடத்திலும் இலை மேல் சேறு படிந்து செத்துப்போகும். வெளிவயல் என்ற ஊரில் ஓம்கார் அறக்கட்டளையினர் மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் தாழையைச் செருகிக் கடலில் இறக்கி நடுகிறார்கள். நாற்று நடுவது மாதிரிதான். முடிகிற வேலை, ஆனால் மெதுவான வேலை. ஒரு இரவில் இழுத்துப்போவதை நட்டுத் தேற்ற எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டுக்கோட்டை வாத்தியார், செவ்வாய் காலை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எட்டாம் வகுப்பில் இதைச் சொல்ல நினைக்கிறேன். ஆவுளியா திமிங்கிலத்துக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாமா?

சாதாழை, செவ்வாய் காலை

வேண்டாம் ஐயா. யானைக்குத்தான் நெருக்கம். அந்தத் தந்தத்தைச் சொன்னாலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பால் குடிக்கும் குட்டி தாயின் முன்துடுப்புக்குப் பக்கத்தில், அக்குளில்தான் குடிக்கும், யானைக்கும் முன்னங்கால்களுக்கு நடுவில்தானே மடி. பழைய மாலுமிகள் கடற்கன்னி என்று நினைத்தது இதைத்தான் என்பார்கள். முகத்தைப் பார்த்தால் அந்த மாலுமிகள் மேல் எனக்குப் பரிதாபம்தான் வரும்.

மன்னார்க் கரை, செவ்வாய் மாலை

அக்கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கமும் கடற்பசு இருக்கு. மன்னார், விடத்தல்தீவு, அங்கால கற்பிட்டி வரைக்கும். முன்னம் டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறவர்களால் செத்து ஒதுங்கினதை நானே கண்டிருக்கிறேன். 2015க்குப் பிறகு கடற்பசுவுக்கும் கடற்புல்லுக்கும் என்று ஒரு திட்டம் வந்தது, என்னிடமும் இதே மாதிரிக் கேள்விக்கொத்து கொண்டுவந்தார்கள். நான் இடம் சொன்னேன். என்னுடைய இடத்தை ஒருவரும் மூடவில்லை. ஆனால் முடிவைக் கொண்டுவந்து காட்டவும் இல்லை, அது பெரியவர் சொன்ன மாதிரித்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட ஏலாது. எங்கட நாட்டில் 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தாச்சு. நீங்கள் நாட்டுப்படகுக்காரர், உங்களைச் சொல்லவில்லை. ஆனால் அங்கேயிருந்து வருகிற பெரிய இழுவைப்படகுகள் எங்கட கடற்புல்லையும் சேர்த்துத்தான் வழிச்சுக்கொண்டு போகுது. கடற்பசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது. மரபணுவைப் பார்த்தவர்கள் இந்தியாவிலயும் இலங்கையிலயும் இருக்கிறது ஒரே கூட்டம், மற்றக் கடல்களில் இருக்கிறதிலிருந்து தனி என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் உங்கட கரையில் எண்ணுகிறதும் எங்கட கரையில் எண்ணுகிறதும் ஒரே கணக்கில் வரவேண்டும். இரண்டு பக்க ஆராய்ச்சிக்காரரும் ஒரே தாளில் எழுதுகிறார்களா என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கோ, தம்பி.

உப்பங்காற்று, செவ்வாய் இரவு

இழுவைப்படகு விஷயத்தில் இவர் சொல்வதில் தப்பில்லை. அந்தச் சண்டையை இங்கே ஆரம்பித்தால் புதன்கிழமை வந்துவிடும், அதனால் விடுகிறேன். வல்லத்துக்காரர் அண்ணே, இடம் கொடுப்பதென்று முடிவு செய்தால் கட்டமாக மட்டும் கொடுங்கள். அதுவும் முதலில் வலைப் பணம் எங்கே என்று கேட்டுவிட்டு.

வல்லத்துக்காரன், வியாழன் காலை

நேற்று எழுத முடியவில்லை. விசைப்படகு கடலுக்குப் போகிற நாள் என்பதால் நாங்கள் போகவில்லை, வீட்டில்தான் இருந்தோம். பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். தண்டல் ஐயா சொன்னதைத்தான் முதலில் கேட்டேன், முடிவைக் கொண்டுவந்து காட்டுவீர்களா என்று. பையன் முழித்தான். அந்தப் பொண்ணு கேள்வித்தாளின் பின்பக்கத்திலேயே, ஊர்க் கூட்டத்தில் வந்து காட்டுவோம் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுத் தந்தாள். நடக்குமா இல்லையா தெரியாது. தாள் மட்டும் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மன்னார் அண்ணன் கேட்கச் சொன்னதையும் கேட்டேன். இரண்டு கரையும் ஒரே தாளில் எழுதுவது இல்லையாம், எழுத வேண்டும் என்று அவளுக்கும் ஆசையாம். வலைப் பணம் தன் கையில் இல்லை என்றாள், யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு நம்பர் தந்தாள்.

அப்புறம் வரைபடம். ஆவுளியா விழுந்த இடத்தைக் கட்டமாகப் போட்டேன். அதற்கு வடக்கே போன வருடம் தம்பி ஒன்றைக் குட்டியோடு பார்த்த இடம் இருக்கிறது, அதை நான் அன்றைக்குச் சொல்லவே இல்லை, இப்போது அதையும் போட்டேன். குட்டி என்றதும் அந்தப் பொண்ணு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எந்த மாதம், எத்தனை அடி, தாய் எந்தப் பக்கம், ஒட்டியே நீந்தியதா என்று பத்துக் கேள்வி. தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை, கையை விரித்து விரித்துக் காட்டினான்.

இரண்டு கட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் வெறுமையாக விட்டிருந்தேன். அவள் பென்சில் நுனியை அங்கே வைத்து, இங்கே எதுவும் இல்லையா அண்ணே என்றாள். அங்கே சேறு என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், சிரித்துவிட்டாள். தாளில் அந்த இடத்துக்கு நேரே "சேறு (முரல்?)" என்று எழுதிக்கொண்டு போனாள்.